பிரேமிளா மிஸ்ஸின் இருமல்

பன்வில கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் வருகிற பச்சைக் கேட் வீடு பிரேமிளா மிஸ்ஸினுடையது. முப்பத்தோரு வருடம் ஒரு கல்விக் காரியாலயத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தோரு வருடத்தில் அவர் குரலை உயர்த்திப் பேசிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. உயர்த்தாமல் பேசிக் கேட்டவர்களும் அதிகம் இல்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவர். ஒரே அறைக்குள் ஆறு பேர் கத்தும்போது ஏழாவது குரல் யாருக்கும் கேட்காது என்று சின்ன வயதிலேயே புரிந்துகொண்டு வாயை மூடினார். பிறகு திறப்பதற்கு அவசியம் வரவில்லை. அடையாள அட்டையில் பெயரை 'பிரேமலா' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திருத்தித் தாருங்கள் என்று கேட்க வேண்டுமே என்று அப்படியே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நியமனக் கடிதமும் அப்படியே வந்தது, கல்யாணப் பதிவும் அப்படியே ஆயிற்று. சட்டப்படி அவர் கணவர் லெட்சுமணன் கட்டியிருப்பது பிரேமலா என்கிற வேறொரு பெண்ணை. பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால் யாராவது மணி அடிப்பார்கள் என்று காத்திருப்பார். யாரும் அடிக்காத நாளில் அடுத்த ஹோல்ட்டில் இறங்கித் திரும்பி நடப்பார். வீட்டில் கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லதாம் என்பார்.

அவருக்குப் பிரஷர் இருப்பது தெரிய வந்ததும் தற்செயலாகத்தான். கோயில் மண்டபத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. தாதி ஒருத்தி கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மற்றத் தாதியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"நூத்தி எண்பத்திநாலு இருக்கும்மா. தலை சுத்தலையா?"

"கொஞ்சம்."

"எத்தன நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் கிளினிக் கொப்பி போட்டார்கள். இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்ததில் சிறுநீரில் புரதம் போவது தெரிந்தது. சிறுநீரகத்துக்கும் சேர்த்துக் காவலாக இருக்கும் என்று எனலாப்ரில் என்ற மாத்திரையை, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று எழுதினார்கள். இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கிவிட்டது. காலையில் எழும்பும்போது பின்தலையில் இருக்கிற வலியும் போய்விட்டது. அந்த வலி எல்லோருக்கும் இருக்கிற ஒன்று, யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்றுதான் மிஸ் அதுவரை நினைத்திருந்தார்.

மூன்றாவது மாதம் இருமல் வந்தது.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் யாரோ கோழி இறகை வைத்துத் தடவுகிற மாதிரி ஒரு அரிப்பு, அதன் பின்னால் குட்டையாக ஒரே ஒரு சத்தம்: "க்கும்."

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தத்தின் அர்த்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'இதை நான் நம்பணுமாக்கும்' என்பதை வாயைத் திறக்காமல் சொல்கிற முறை அது. நாத்தனார்மார் ஒரு க்கும்மில் ஒரு குடும்பத்தையே இரண்டாக்கியிருக்கிறார்கள். ஆயுளில் ஒருவரையும் நொடித்துப் பேசியிராத பிரேமிளா மிஸ்ஸுக்கு அறுபத்தோராவது வயதில் இந்த ஆயுதம் கேட்காமலே கைக்கு வந்து சேர்ந்தது.

முதலில் அகப்பட்டவர் லெட்சுமணன். ஓட்டோ ஓட்டுகிறவர். ஒரு மாலை ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "இன்னையோட பத்து நாளு. ஒரு சிகரட் தொடல," என்றார்.

"க்கும்."

லெட்சுமணன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டார். "சரி, ஒன்னு. அதுவும் பாதிதான். மிச்சத்த அணைச்சிட்டேன்."

மிஸ்ஸுக்குத் தொண்டை மறுபடி அரித்தது.

"அணைக்கல," என்றார் லெட்சுமணன்.

மிஸ் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். இஞ்சிச் சாறு குடித்தார். இருமலுக்குச் சிவப்புப் பாணி, பச்சைப் பாணி என்று இரண்டு போத்தல் முடிந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சு சுத்தமாக இருந்தது. மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை. அது நல்ல பிள்ளையாகப் பிரஷரைக் குறைத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் இணக்க சபையிலிருந்து கடிதம் வந்தது. அக்கம்பக்கத்துச் சண்டைகள் பொலிஸுக்கும் கோட்டுக்கும் போகாமல் பேசித் தீர்க்கிற சபை அது. தமிழ்ப் பெண் ஒருவர் தேவைப்பட்டார், மிஸ்ஸின் பெயரை யாரோ கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் அவர் உறுப்பினரானார். பயிற்சி வகுப்பில், மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஒரு பக்கம் சாயக் கூடாது, முகத்தில்கூட ஒன்றும் காட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்து நாளும் மிஸ் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததைப் பார்த்துப் பயிற்சியாளர், "இவரைப் பாருங்கள், இப்படி இருக்க வேண்டும்," என்று மற்றவர்களுக்குக் காட்டினார்.

சபை சனிக்கிழமைக் காலைகளில் ஒரு பாடசாலையில் கூடும். மூன்றாம் வகுப்பு அறை. கதிரைகளும் மூன்றாம் வகுப்புக்கு உரியவைதான். எல்லோரும் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் ராஜரத்தினம், ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். எந்த வழக்கு வந்தாலும் ஒற்றுமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குவார். இன்னொருவர் சாஹுல் ஹமீது, வன்பொருள் கடை வைத்திருப்பவர். தலைவர் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

மிஸ்ஸின் முதல் வழக்கு ஒரு பலாமரம். மரம் ஒருவர் வளவில், பாதிக் கிளை பக்கத்து வீட்டுக் கூரைமேல். இலை விழுந்து மழைநீர்ப் பீலி அடைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு. காய் காணாமல் போகிறது என்று மரத்துக்காரர் எதிர் முறைப்பாடு. இரண்டு வருடமாக இழுபடுகிறது.

"நான் ஒரு காயத் தொட்டதில்லீங்க. கோயில்ல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"க்கும்."

அறையில் பேச்சு நின்றது. அந்த மனிதர் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். மிஸ் பதறிப்போய்க் கண்ணைத் தாழ்த்தினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. எல்லாம் தெரிந்தும் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றக் குனிந்துகொண்ட மாதிரி இருந்தது அது.

"ரெண்டு," என்றார் அவர் மெதுவாக. "பிஞ்சுல. பொலஸ் கறிக்கு."

"க்கும்."

"மாசத்துக்கு ரெண்டு."

இருபது நிமிடத்தில் சமாதானம் எழுதிக் கையெழுத்தாயிற்று. கிளையை வெட்டுவது, வெட்டாமல் விட்ட கிளையில் காய்ப்பது பாதிப் பாதி.

அடுத்த கிழமை ஒரு ஆடு, பக்கத்துத் தோட்டத்து போஞ்சிக் கொடியைத் தின்ற வழக்கு. ஆட்டுக்காரப் பெண், ஆடு எந்நேரமும் கட்டித்தான் இருக்கும் என்றாள். க்கும் வந்தது. கயிறு கொஞ்சம் நீளம் என்றாள். மறுபடி வந்தது. அவள் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கயிறே இல்ல மிஸ்," என்றாள்.

மூன்று மாதத்தில் சபைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வழக்கு இல்லாதவர்களும் ஜன்னல் ஓரம் வந்து நின்றார்கள். சிங்களத்தில் இருமலுக்குக் கெஸ்ஸ என்று பெயர். சிங்கள ஆட்கள் மிஸ்ஸுக்குக் 'கெஸ்ஸ மிஸ்' என்று பட்டம் வைத்தார்கள், மரியாதையாகத்தான். வழக்குக்காரர்கள் தங்களுக்கு எந்த மத்தியஸ்தர் வேண்டும் என்று தெரிவுசெய்யலாம் என்பது சபையின் விதி. பிரேமிளா மிஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர்தான் குற்றவாளி என்று ஜன்னலோரம் அப்போதே முடிவாகிவிடும்.

"ஒங்கட இருமல் அல்லா தந்த பரக்கத்து மிஸ்," என்பார் சாஹுல் ஹமீது. "முந்தியெல்லாம் நான் லுஹர் தொழுகைக்கும் போக ஏலாம கெடந்தேன். இப்ப பதினொரு மணிக்கே சபை முடிஞ்சி ஈக்கி."

தலைவருக்குத்தான் கொஞ்சம் மனக்குறை. ஒரு நாள் ஒற்றுமைச் சொற்பொழிவின் நடுவில், "நான் அதிபராக இருந்த காலத்தில் ஒரு பிள்ளைமேல்கூடக் கை வைத்ததில்லை," என்றார். க்கும் வந்தது. ஜன்னலோரம் நின்றவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய மாணவர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் சொற்பொழிவு அன்றோடு பத்து நிமிடமாகக் குறைந்தது.

மிஸ்ஸுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிற்று. அதற்குப் பிறகு, யாரிடமும் சொல்லவில்லை என்றாலும், சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. கடைக்குப் போனால் முதலில் அவருக்குச் சாமான் கொடுத்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவர் வீட்டுக்கு நேராகவே நிறுத்தினான். ஒரு வார்த்தை பேசாமலே இவ்வளவும் நடந்தது.

மாத்திரை காட்டிக்கொடுக்கப்பட்டது லெட்சுமணனால். ஒரு மாதம் கிளினிக்கில் மருந்து முடிந்து, வெளியே ஃபார்மசியில் வாங்க வேண்டி வந்தது. கிளினிக் மருந்து காகித உறையில் உதிரியாக வரும். இது பெட்டியில், மடித்த ஒரு தாளோடு வந்தது. எறும்பு வரிசை மாதிரி எழுத்து. லெட்சுமணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி மகள் விட்டுப்போன ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

"தலை சுத்தும்ங்கிறான். வாந்தி வரும்ங்கிறான். மூஞ்சி வீங்குமாம், நாக்கு வீங்குமாம். இருமல்! இந்தா, இருமல் போட்டிருக்கான். இத்தனையும் வரும்னா இது மருந்தா, வியாதியா?"

"எனக்கு இருமல் மட்டுந்தானங்க வந்திருக்கு."

"மத்ததெல்லாம் வரிசையில நிக்கிது," என்று சொல்லிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார்.

இரவில் மனைவி இருமுவதால் ஐந்து மாதமாக முன்னறையில் பாய் போட்டுப் படுக்கிறவர் அவர். அந்தக் கோபமும் சேர்ந்திருந்தது. மிஸ் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்பது நாள் மாத்திரை இல்லாமல் போயிற்று. இருமல் அப்படியே இருந்தது. பத்தாம் நாள் கண்டி மார்க்கட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவருக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. பக்கத்தில் இருந்த கூடையில் உட்கார்ந்துவிட்டார். அது தக்காளிக் கூடை.

கூடைக்கான காசைக் கொடுத்துவிட்டு லெட்சுமணன் அவரை நேரே கிளினிக்குக் கொண்டுபோனார். பிரஷர் நூற்றித் தொண்ணூறு.

டொக்டர் அனோஜன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அன்றைக்கு நூற்றிநாற்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தும் பேனையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏனம்மா குளிசையை நிப்பாட்டினீங்கள்?"

மிஸ் கணவனைப் பார்த்தார். லெட்சுமணன் கூரை விசிறியைப் பார்த்தார்.

"இருமல்," என்றார் மிஸ்.

"எத்தினை நாளா?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமோ! ஒவ்வொரு மாசமும் வாறீங்கள், ஒரு நாளும் சொல்லேல்லையே."

"நீங்க கேக்கல டொக்டர்."

அனோஜன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஓம், அது என்ரை பிழையும்தான். இந்தக் குளிசை குடிக்கிற நூறு பேரிலை பத்துப் பேருக்குக் கிட்ட இந்த வறட்டு இருமல் வரும். பொம்பிளையளுக்குத்தான் கூட. ஆபத்தில்லை, ஆனா கரைச்சல். நிப்பாட்டினாலும் உடனை போகாது, ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. ஆனா பிரஷர் அப்பிடிக் காத்துக்கொண்டு நிக்காது. நீங்களா நிப்பாட்டினா மூளையிலை ரத்தம் கசியலாம், கிட்னி பழுதாகலாம். விளங்குதோ? அந்தத் தாளிலை இருக்கிறது எல்லாம் எல்லாருக்கும் வாறேல்லை. வந்தா என்னட்டை வந்து சொல்லோணும், அவ்வளவுதான்."

லெட்சுமணன் தலையாட்டினார்.

"இப்ப லொசார்டன் எண்டு வேற ஒண்டு மாத்தித் தாறன். கிட்னிக்கும் அதே காவல். இருமல் வராது. மாத்துவமோ?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும் என்று லெட்சுமணன் நினைத்தார். அனோஜனும் பேனையை எடுத்துவிட்டார். மிஸ் யோசித்தார். இருமல் போனால் இரவில் தூங்கலாம், கணவன் உள்ளே வந்து படுக்கலாம். படுத்தால் குறட்டை விடுவார். இருமல் போனால் சனிக்கிழமை என்னாகும்? மூன்றாம் வகுப்புக் கதிரையில் ஊமையாக உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"பரவால்ல டொக்டர். இதையே குடிக்கிறேன்."

"நித்திரை?"

"பரவால்ல."

அனோஜன் மிஸ்ஸைப் பார்த்து, "சரி. கரைச்சலில்லை எண்டா குடிக்கலாம். மனம் மாறினா எந்தக் கிளினிக்கிலையும் வந்து சொல்லுங்கோ," என்று பழைய மாத்திரையையே எழுதினார்.

அதற்கு மூன்றாவது சனிக்கிழமை கணேஸின் வழக்கு வந்தது.

கணேஸ், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் தாயோடு இருக்கிற முப்பது வயதுக்காரன். அதிகம் பேசமாட்டான். மலை ஊற்றிலிருந்து ஆறு வீட்டுக்குத் தண்ணீர் வருகிற கறுப்புக் குழாயை யாரோ மூன்று முறை வெட்டியிருந்தார்கள். அந்த வழியாகக் காலையில் புல்லறுக்கப் போகிறவன் அவன் ஒருவன்தான், கையில் கத்தியும் இருக்கும் என்று ஐந்து வீட்டார் முறைப்பாடு.

"நான் வெட்டலைங்க," என்றான் கணேஸ்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மிஸ்ஸுக்குத் தொண்டை சரியில்லை. ஒரு க்கும்மோடு நிற்கவில்லை. இரண்டு, மூன்று, பிறகு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. கண்ணில் நீர் வந்தது. சாஹுல் ஹமீது தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். ஜன்னலோரத்தில் ஒருவர், "அடேயப்பா, மூணு தடவ மட்டும் இல்ல போலிருக்கே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கணேஸ் சுற்றிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. மிஸ் கையை அசைத்து எதையோ சொல்ல முயன்றார். இருமல் விடவில்லை. அது நின்றபோது சொல்லியிருக்கலாம். நின்றது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லவில்லை.

"சரிங்க," என்றான் கணேஸ். "நான்தான்னே எழுதிக்கங்க. புதுக் குழாய் போட்டுத் தாறேன்."

கையெழுத்தை வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனான்.

பதினொரு நாள் கழித்துப் புதுக் குழாயும் வெட்டுப்பட்டது. இந்த முறை கையும் களவுமாகப் பிடிக்க ஆட்கள் இரவே காவலிருந்தார்கள். விடிகிற நேரத்தில் பற்றைக்குள்ளிருந்து ஒரு முள்ளம்பன்றி வந்து, குழாயை இரண்டு கையாலும் பிடித்துக் கரும்பு கடிப்பது போலக் கடித்து, வருகிற தண்ணீரை நிதானமாகக் குடித்தது. குடித்துவிட்டு வந்த வழியே போயிற்று. அதை ஒருவர் போனில் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார். படம் பிரேமிளா மிஸ்ஸின் போனுக்கும் வந்தது.

அன்று மத்தியானம் அவர் லெட்சுமணனிடம் ஓட்டோவை எடுக்கச் சொன்னார். எங்கே என்று அவர் கேட்டார். மிஸ் ஏறி உட்கார்ந்து, "மேல் டிவிசனுக்கு," என்றார்.

கணேஸ் வாசலில் புல் கட்டிக்கொண்டிருந்தான். தாய் பேச்சியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாங்க மிஸ்," என்றான் கணேஸ். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

மிஸ் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து கிளினிக் கொப்பியையும் மாத்திரை உறையையும் எடுத்து நீட்டினார். கணேஸ் அவற்றை வாங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது பிரஷர் மாத்திர. இதுனாலதான் எனக்கு இருமல் வருது. அன்னிக்கி நான் ஒன்ன நெனச்சி இருமல தம்பி. யார நெனச்சியும் நான் இருமுனதில்ல."

கணேஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்?"

மிஸ்ஸிடம் அதற்குப் பதில் இல்லை. பேச்சியம்மாவிடம் இருந்தது.

"சொல்லியிருந்தா இவுங்கள யாரு மதிப்பா?" கரண்டியோடு வெளியே வந்தாள். "எம்புள்ள பதினொரு நாளா கடைப்பக்கம் போகல. கள்ளன்னு சொல்லிட்டாங்க. தொண்டையில அரிச்சிச்சி, ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா? 'மாத்திர குடிக்கிறேன், அதான் இருமுறேன்' — எண்ணிப் பாருங்க, நாலு வார்த்த. படிச்ச பொம்பளதான நீங்க? வாய் எதுக்கு இருக்கு, மாத்திர போடுறதுக்கு மட்டுமா?"

லெட்சுமணன் ஓட்டோவை விட்டு இறங்கி, "இந்தா பாரும்மா, அவுங்களுக்குப் பிரஷர்…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் பிரேமிளா மிஸ். "அவுங்க சொல்றது சரிதான்."

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் முதன்முறையாகச் சும்மா இருக்கச் சொல்லப்பட்ட லெட்சுமணன் போய் ஓட்டோவில் உட்கார்ந்துகொண்டார். பேச்சியம்மா திட்டி முடித்ததும் தேத்தண்ணி போட்டாள். மிஸ் அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தார். சீனி கூடுதலாகப் போட்டிருந்தாள், வேண்டுமென்று செய்தாளோ என்னவோ.

அடுத்த கிளினிக்வரை மிஸ் காத்திருக்கவில்லை. மறுநாளே போய் இலக்கத் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, லொசார்டனுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை சபை கூடியதும், தலைவர் ஒற்றுமையைத் தொடங்குவதற்கு முன்னால் எழுந்து நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வர்ற இருமல் ஒரு மாத்திரையோட பக்க விளைவு. பொய்க்கும் உண்மைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கணேஸ் குழாய வெட்டல. அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவர் கையெழுத்துப் போட்ட தாள ரத்துப் பண்ணணும். இப்ப மாத்திர மாத்தியாச்சு, கொஞ்ச நாள்ல இருமல் போயிரும்."

வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். பிறகு ஜன்னலோரம் ஒருவர், "பெரிய மனசு. கணேஸ் மானத்தக் காப்பாத்துறதுக்கு எவ்வளவு பாடுபடுறாங்க பாருங்க," என்றார்.

மாத்திரைக் கதையை யாரும் நம்பவில்லை. ராஜரத்தினம் அதிபர் ஒருவர் மட்டும் உடனே நம்பினார். "நான் அப்போதே நினைத்தேன்," என்று மூன்று பேரிடம் சொன்னார். கணேஸின் தாளை அவரே தேடி எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். ஐந்து வீட்டாரும் குழாய்க் காசைப் பிரித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பலாக்காய்க்காரரைச் சாஹுல் ஹமீது கடைவாசலில் பிடித்து, வேண்டுமென்றால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்றார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "மாத்திரைக்கு இருமுனாங்களோ எதுக்கு இருமுனாங்களோ, பொலஸ் தின்னது நான்தானே ஹமீது காக்கா." ஆட்டுக்காரப் பெண் மட்டும் தனியாக மிஸ் வீட்டுக்கு வந்து, மீதி எனலாப்ரில் இருந்தால் தன் மாமியாருக்குக் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "அவுங்க பேசுறதுக்குப் பதிலா இருமுனாப் போதும் மிஸ்," என்றாள். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் குடிக்கக் கூடாது என்று அவளுக்கு விளங்கப்படுத்த மிஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இருமல் நான்கு கிழமையில் தேய்ந்து தேய்ந்து நின்றது. லெட்சுமணன் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எதிர்பார்த்தபடியே குறட்டை விட்டார். தோளில் தட்டித் திரும்பிப் படுக்கச் சொன்னதும் திரும்பிப் படுத்தார். இத்தனை வருடமும் சொல்லியிருந்தால் இத்தனை வருடமும் திரும்பிப் படுத்திருப்பார் போல.

சபையில்தான் சிரமமாக இருந்தது. வழக்குக்காரர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு மிஸ்ஸின் வாயையே பார்த்தார்கள். ஒரு சத்தமும் வராவிட்டால் தாங்கள் சொன்னது உண்மை என்று நிரூபணமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாள், வேலியை ஒரு அடி தள்ளிப் போட்ட ஒருவர், தான் வேலியைத் தொடவே இல்லை என்றார். இருமல் வரவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"வேலிக் கம்பெல்லாம் புதுசா இருக்குன்னு முறைப்பாட்டோட வந்த படத்துல தெரியுதே," என்றார் மிஸ். "எப்ப வாங்குனீங்க?"

அந்த மனிதர் திடுக்கிட்டுப் போனார். அவரோடு சேர்ந்து சாஹுல் ஹமீதும் கண்ணைத் திறந்தார். கம்பு அவருடைய கடையில்தான் வாங்கியது. வழக்கு முடிய அன்று மத்தியானம் ஒன்றேகால் மணி ஆயிற்று.

புது மாத்திரை ஒத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது பிரஷர் நூற்றி முப்பத்திரண்டு. இரத்தச் சோதனையில் கொழுப்புக் கூடியிருந்ததால் அனோஜன், இன்னொரு மாத்திரை சேர்ப்பதாகச் சொல்லி எழுதத் தொடங்கினார். மிஸ் கதிரையை மேசைப்பக்கம் இழுத்துப் போட்டு, கைப்பையிலிருந்து ஒரு பேனையையும் சின்னக் கொப்பியையும் எடுத்தார்.

"இது எதுக்கு டொக்டர்? குடிச்சா என்னா நன்ம, குடிக்காட்டி என்னா ஆகும்?"

அனோஜன் நிமிர்ந்து பார்த்தார். மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற வாய்ப்பைக் குறைக்கும் என்று விளங்கப்படுத்தினார். மிஸ் எழுதிக்கொண்டார்.

"பக்க விளைவு?"

"சிலருக்குத் தசை உளைவு வரும். கொஞ்சப் பேருக்கு ஈரலிலை மாற்றம். ரெண்டு மாசத்திலை ரத்தம் சோதிச்சுப் பாப்பம்."

"உளைவுன்னா, மலை ஏறி வர்றப்ப எனக்கு எப்பவும் வர்ற உளைவா? இல்ல வேற மாதிரியா? ரெண்டையும் எப்பிடிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"நல்ல கேள்வி," என்றார் அனோஜன். கதவுக்கு வெளியே தொண்ணூற்றிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூற்று மூன்றாமவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, இன்னும் நேரம் எடுக்குமா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றார் பிரேமிளா மிஸ், திரும்பிப் பார்க்காமல். "இன்னும் மூணு கேள்வி இருக்கு."